மிச்சமிருந்த வாசனை

ஜெரால்டுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தன் கல்யாணத்துக்கு முந்நூறு பேரை அழைக்கச் சொன்னதற்கு எழுநூறு பேரை அழைத்து, கடைசிப் பந்தியில் சாம்பாருக்குத் தண்ணீர் ஊற்ற வைத்த ஆள். அப்படிப்பட்டவனிடம் டாக்டர் லத்தீஃபா அந்தப் பேச்சை எடுத்திருக்கவே கூடாது.

அவன் மனைவி பிரின்ஸிக்கு ஏழாவது மாதம். தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், குழந்தை இருக்க வேண்டிய எடையைவிடக் குறைவாக இருக்கிறது, நாலு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார். நன்றாகச் சாப்பிட வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும். வீட்டில் புழங்குகிற ரசாயனங்களையும் குறைத்துக்கொண்டால் நல்லது. பிளாஸ்டிக்கில் வைத்த சூடான சாப்பாடு, கொசுவத்தி, வாசனைப் பவுடர், நகப்பூச்சு எல்லாவற்றிலிருந்தும் ஏதாவது தாய் வழியாகக் குழந்தைக்குப் போகலாம். எது எவ்வளவு கெடுதல் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பிறகு, உங்களுக்கு என்ன வேலை என்று ஜெரால்டிடம் கேட்டார். வியாபாரம் என்றான். பொய் இல்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து, வேளாங்கண்ணிக்கு மூன்று முறை நடந்துபோய் வந்த பிறகு தங்கிய பிள்ளை. மன்னார்குடி பஸ்ஸில் திரும்பும்போதே டாக்டர் சொன்னவற்றை விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். வீடு வந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டான்.

முதலில் நகப்பூச்சுப் புட்டிகள் போயின. அடுத்து கொசுவத்தி, பினாயில், குளியலறையில் தொங்கிய மல்லிகை வாசனை வில்லை. சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா மிஞ்சவில்லை. உப்பும் புளியும் ஜாடிக்குக் குடிபோயின. அவன் அம்மா சவரியம்மாள் இருபது வருஷமாகப் பூசிவந்த முகப் பவுடரிலும் கை வைத்தான்.

"புள்ள அவ வயித்துலடா, என் வயித்துல இல்ல" என்றாள் சவரியம்மாள்.

"பூசிக்கிட்டு அவ பக்கத்துலதானம்மா உக்காருறீங்க?"

அந்தம்மாள் மகனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. பெரியநாயகசாமி சித்தப்பா வீட்டில் கிளறிய புளியோதரை ஆவி பறக்கப் பாலிதீன் கவரில் வந்தது. ஜெரால்ட் அதை வாசலிலேயே மறித்து, ஆண்கள் பந்திக்கு மட்டும் பரிமாறச் சொல்லிவிட்டான். சித்தப்பா முகம் தொங்கிப்போயிற்று. பிரின்ஸி இரண்டு கை நிறைய வளையலோடு சிரித்த சிரிப்பில் நாலு வளையல் உடைந்தன.

மறுநாள் மதியம் ஜெரால்ட் கடையிலிருந்து சாப்பிட வந்தான். பூச்சிமருந்துக் கடை. சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்ததால் காலையிலிருந்து கூட்டம். மருந்துப் பொடியை மூட்டை பிரித்துச் சில்லறையாக அளந்து மாளவில்லை. பிள்ளை முதன்முதலில் அசைந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவுடன் பிரின்ஸியின் வயிற்றில் கன்னத்தை வைத்துக் கடைச் செய்தி முழுவதையும் பிள்ளைக்குச் சொல்வான். பிறகுதான் சோறு.

அன்று பிரின்ஸி அவன் தலையை மெதுவாக விலக்கினாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வீட்டுல இப்ப பவுடர் வாசனை இல்ல, வத்தி வாசனை இல்ல. அதனாலதான் இது தனியாத் தெரியுது. தினம் மத்தியானம் ஒரு மணிக்கு வருதுங்க."

ஜெரால்ட் சட்டைக் காலரை இழுத்து முகர்ந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் மூக்கு பழகிப்போயிருந்தது. அம்மாவைப் பார்த்தான்.

"மருந்து மூட்டை கணக்கா நாறுற" என்றாள் சவரியம்மாள். "நான் பவுடர் பூசுனதே அதுக்குத்தாண்டா."

மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையாகிவிட்டது. சித்தப்பாவின் புளியோதரையை மறித்தவன், தன்னையே தினமும் பிள்ளையின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இடத்திலேயே டாக்டருக்குப் போன் போட்டு என்ன வியாபாரம் என்பதைச் சொன்னான். இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். மூட்டை பிரிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் வேண்டும், கடைத்துணி வீட்டுக்குள் வரக்கூடாது, குளித்துவிட்டுத்தான் மனைவி பக்கத்தில் போக வேண்டும்.

அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன் அல்லவா? கார்த்திகை மழையில் மதியம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கொல்லைப் பம்பில் குளித்தான். தினமும் சாவு வீட்டுக்கா போய்வருகிறீர்கள் என்று பக்கத்து வீட்டு அனுராதா கேட்டே விட்டாள். கடைத்துணியைத் தானே தனி வாளியில் துவைத்தான். மருந்து வாங்க வந்த தங்கையனிடம், வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாளா என்று விசாரித்து, தெளித்த கையோடு உள்ளே போகாதீங்க என்று சோப்பும் கொடுத்து அனுப்பினான். இவ்வளவுக்குப் பிறகும் வயிற்றில் கன்னம் வைக்க மட்டும் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. வாசற்படியில் நின்றே கடைச் செய்தியைச் சத்தமாகச் சொன்னான். தெருவே கேட்டது.

நாலாவது வாரம் டாக்டர் லத்தீஃபா திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். குழந்தை எடை பிடித்துவிட்டது. இருக்க வேண்டிய அளவுக்கு வந்தாயிற்று. எதனால் டாக்டர் என்று கேட்டான் ஜெரால்ட்.

"அது எனக்கும் தெரியாது. நல்லாச் சாப்பிட்டாங்க, ரெஸ்ட் எடுத்தாங்க, நீங்களும் குளிச்சீங்க. மூணையும் விட்டுடாதீங்க."

அன்று கடையே திறக்கவில்லை. இருந்தும் வீட்டுக்கு வந்ததும் நேரே பம்புக்குப் போய்க் குளித்துவிட்டு, வழக்கம்போல வாசற்படியில் வந்து நின்றான். பிரின்ஸி கூப்பிட்டாள். ஈரத் தலையைப் பிடித்து இழுத்து நன்றாக முகர்ந்து பார்த்தாள். பிறகு அவளே அதைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதைப் பிள்ளைக்குச் சொல்ல ஜெரால்ட் வாயைத் திறந்தான். உள்ளேயிருந்துதான் முதலில் பதில் வந்தது, காதோடு சேர்த்து ஓர் உதை.