கரை மின்சாரம்

காற்று பலத்துவிட்டதால் துறைமுகத்தின் அந்தக் கரையில் மூன்று கிரேன்களும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டன. கீழே, பச்சைப் பெயின்ட்டில் இலைப்படம் வரைந்த கேபிள் வண்டிக்குப் பக்கத்தில், லேண்டர்ட் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தான். எதிரே கப்பல் எஞ்சினை அணைக்கவில்லை. புகை மேலே ஏறாமல், அணைக்கரைக்கு அப்பால் இருந்த ரோசன்பர்க் ஊரைப் பார்த்துச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. அந்த ஊரின் முதல் தெருவில்தான் அவன் வீடு. வீட்டில் மனைவி கோரி இருந்தாள்.

கோரிக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. பாவம், ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டவள் இல்லை. போன குளிர்காலத்தில் ஆம்புலன்ஸில் போய்த்தான் பிழைத்து வந்தாள். இன்னொரு தடவை அப்படி வந்தால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் இவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்.

கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுப்பது லேண்டர்டின் வேலை. கேபிளைச் சொருகினால் கப்பல் எஞ்சினை அணைக்கும், புகை நிற்கும். ஆனால், நடக்கிற ஷிஃப்டுக்குள் கிளம்பிவிடும் கப்பலுக்குச் சொருக வேண்டியதில்லை என்று இந்தத் துறைமுகத்தில் ஒரு விதி. அந்த விதி வந்த பிறகு, என்ன அதிசயமோ, எல்லாக் கப்பலும் ஷிஃப்டுக்குள் கிளம்புவதாகத்தான் திட்டம் போடுகிறார்கள்.

கப்பலில் கன்டெய்னர் பெட்டிகளைக் கட்டி அவிழ்க்கும் ஆட்களுக்கும் அது தோதாகப் போயிற்று. கப்பல் எப்போது முடிகிறதோ அப்போதே வீட்டுக்குப் போகலாம், முழுக் கூலியும் உண்டு. இந்தக் கரையின் வழக்கம் அது. அதிலும் இன்று, பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் தாத்தாவின் இரவு. பரிசு மூட்டை வாசலுக்கு வரும் வரை எந்த வீட்டிலும் பிள்ளைகள் தூங்காது.

கட்டும் கூட்டத்தின் மேஸ்திரி யோப், கோரியின் தம்பி, காப்பியோடு வந்தான்.

"என்ன மச்சான், பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி புகையையே பார்த்துக்கிட்டு நிக்கிற?"

"உன் அக்கா வீட்டுக்குத்தான்டா போகுது."

யோப்பின் சிரிப்பு அடங்கிவிட்டது. "என் பிள்ளைங்களும் இன்னிக்கு அங்கதான் இருக்குங்க."

"காத்து எப்ப அடங்குமாம்?"

"விடியற வரைக்கும் அடங்காதாம். கண்ட்ரோல் ரூம்ல சொல்றாங்க."

"அப்ப இந்தக் கப்பல் ஷிஃப்டுக்குள்ள கிளம்பாது. விதிப்படி நான் சொருகலாம்."

"கண்ட்ரோல் ரூம்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொருகு. இல்லேன்னா உன் சீட்டு கிழிஞ்சிடும்."

"கேட்டா அங்க இருக்கிறவன் வேணாம்பான். அவன் வாயில வேற என்ன வரும்?"

லேண்டர்ட் கேட்கவில்லை. கப்பலின் எலெக்ட்ரீஷியனுக்குக் கையசைத்தான். மேலிருந்து கயிறு இறங்கியது. தொடை பருமன் கேபிளைத் தோள்கொடுத்து ஏற்றிப் பூட்டியபோது முதுகு விண்ணென்று தெறித்தது. கொஞ்ச நேரத்தில் கப்பலின் உறுமல் நின்றது, புகையும் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

சொல்லிவைத்தாற்போல, இருட்டும் நேரத்தில் காற்று அடங்கியது.

அவன் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் கண்ட்ரோல் ரூம் கத்தியது. "யாரைக் கேட்டு சொருகினீங்க? உங்க வண்டி தண்டவாளத்துக்குக் குறுக்கே நிக்குது. மூணாவது கிரேன் எப்படித் தாண்டும்? உடனே பிடுங்குங்க."

"ரெண்டு கிரேன் வச்சு முடிக்கலாமே சார்."

"நாளைக்கு வேலைக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?"

அதற்குள் ஆட்கள் வண்டியைச் சுற்றி வந்துவிட்டார்கள். "அண்ணே, உங்க கரன்ட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நீங்க இங்கயே படுத்துக்குங்க. எங்களுக்குக் குழந்தை குட்டி இருக்கு" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

லேண்டர்ட் யோப்பைப் பார்த்தான். "யோப், நீயாவது சொல்லுடா. அவ உன் அக்கா."

யோப் கையுறையை மாட்டிக்கொண்டே தரையைப் பார்த்தான். "தெரியும் மச்சான். மூணு கிரேனும் ஓடினா சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிஞ்சா கப்பல் சீக்கிரம் போயிடும், புகையும் போயிடும். பிடுங்கிடு."

அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று லேண்டர்டுக்குச் சொல்லத் தெரியவில்லை. பூட்டைத் திறந்து, கேபிளைத் தன் கையாலேயே கழற்றினான். வண்டியை ஓரமாக நகர்த்தினார்கள். கப்பல் மறுபடி உறுமியது. அடித்துக்கொண்டு போகக் காற்று இல்லாததால் புகை கீழே தாழ்ந்து, அணைக்கரையின் மேல் மெல்லத் தவழ்ந்து, தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக மங்கவைத்தது.

அவன் பதற்றத்தோடு கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான்.

"கோரி, ஜன்னலையெல்லாம் மூடிடு. சீக்கிரம்."

"இப்பத்தானே தொறந்தேன்? புகை நின்னுடுச்சேன்னு எல்லாத்தையும் தொறந்து போட்டேன். பிள்ளைங்க ஜன்னல்ல நின்னு சின்டர்கிளாஸைக் கூப்பிட்டுப் பாடுதுங்க. கேக்குதா?"

கேட்டது. யோப்பின் சின்ன மகள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு நடுவில் அறுந்து, இருமல் வந்தது. இருமியது கோரி இல்லை.

கப்பலின் மேல்தட்டில் யோப், கழுத்து நரம்பு புடைக்க, மூன்றாவது கிரேனுக்குக் கை காட்டி, "வா, வா, சீக்கிரம் வா" என்று கத்திக்கொண்டிருந்தான்.