பதினாலாம் எண் இலக்கு

லானியை முகாமிலிருந்து வெளியே அனுப்பிய செவ்வாய்க்கிழமையே கிராண்டலை ஒழிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

நடந்தது இதுதான். திங்களன்று எங்களுக்கு முதன்முதலாக நிஜத் தோட்டா கொடுத்தார்கள். சுட்டு முடித்துத் திடலை விட்டு வரும்போது ஒவ்வொருவனும், என்னிடம் தோட்டாவும் இல்லை, காலி உறையும் இல்லை என்று சார்ஜெண்ட் முகத்துக்கு நேரே கத்த வேண்டும். கத்திவிட்டு ஒரு தோட்டாவோடு மாட்டினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கிராண்டலின் சட்டைப்பையில் ஒன்று தங்கிவிட்டது. திருட்டு இல்லை, மறதி. சோதனை போடப்போகிறார்கள் என்றதும் முன்னால் நின்ற லானியின் முதுகுப்பைக்குள் அதை நழுவவிட்டான். நான் பார்த்தேன். லானி மாட்டியதும் சார்ஜெண்ட் ப்ருசார்டிடம் சொன்னேன். கிராண்டல் எங்கள் பிளட்டூனின் கொடி பிடிப்பவன். பல்வரிசையும் பேச்சும் சுத்தம். நான் பதினைந்து வயதிலிருந்து மர அறுவை மில்லில் கட்டை தூக்கியவன். வேறு யார் பார்த்தது என்று கேட்டார். யாருமில்லை. வாந்தி வரும்வரை என்னைத் தண்டால் எடுக்க வைத்தார்.

லானி கோழி ஆலையிலிருந்து வந்தவன். உயிர்க்கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டுகிற வேலை. கையெல்லாம் கீறல். அதிலிருந்து தப்பிக்கத்தான் பட்டாளத்தில் சேர்ந்தான். அதே கொக்கிக்குத் திரும்பிப் போனான்.

வியாழக்கிழமை ஒத்திகைச் சுடுதல். பாதிப் பேர் சுடுவார்கள், மீதிப் பேர் இலக்குக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் நிற்பார்கள். தலைக்கு மேல் தோட்டா பட்டென்று போகும். உடனே இலக்கு அட்டையைக் கீழே இழுத்து, பழைய துளைக்குக் காகிதம் ஒட்டி, புதுத் துளையில் வட்ட வில்லை ஒன்றைச் செருகி, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் படுத்திருப்பவன் அந்த வில்லையைப் பார்த்துத்தான் தன் துப்பாக்கியின் குறியைத் திருத்துவான். எனக்குக் கிடைத்தது பதினாலாம் எண் இலக்கு. அதில் சுடுபவன் கிராண்டல்.

அவன் தோட்டாக்கள் நடுவில்தான் விழுந்தன. நான் அந்தத் துளைகளைக் காகிதத்தால் மூடினேன். இடது ஓரத்தில் பென்சிலால் குத்தி அதில் வில்லையைச் செருகினேன். தோட்டாத் துளையும் பென்சில் துளையும் ஒரே அளவு. அவன் துப்பாக்கியில் குறியைத் திருத்தும் குமிழை வலப்பக்கம் திருப்பினான். நான் இன்னும் இடப்பக்கம் குத்தினேன். அவன் இன்னும் திருப்பினான்.

வெள்ளிக்கிழமை தேர்வு. அன்றைக்குப் பள்ளத்தில் வேறு பிளட்டூன். கிராண்டலின் தோட்டாக்கள் எல்லாம் வலப்பக்கம் ஓடின. பதறிப்போய்க் குமிழைத் திருகினான். எத்தனை முறை திருகினோம் என்ற கணக்கே தவறிப்போனது. இருநூற்றைம்பதுக்கு நூற்றுத் தொண்ணூறு எடுத்தால் தேர்ச்சி. அவன் நூற்று அறுபத்தெட்டு. ப்ருசார்ட் அவன் கையிலிருந்து கொடியைப் பிடுங்கி வேறொருவனிடம் கொடுத்தார். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு ருசித்தது.

சனிக்கிழமை காலை ப்ருசார்ட் என்னைக் கூப்பிட்டார். பிளட்டூனிலேயே அதிகப் புள்ளி எடுத்தவன் நான். தோற்ற ஆறு பேருக்கும் திங்களன்று மறுதேர்வு, அதிலும் தோற்றால் வீடு, கிராண்டலைத் தயார் செய்வது என் பொறுப்பு என்றார். மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். தப்பும் தவறுமாகச் சொல்லிக் கொடுத்தால் போதும், வேலை முடிந்தது.

புல்தரையில் குப்புறப் படுக்கவைத்தேன். மணல் ஈக்கள் காதுக்குள் புகுந்தன. எதிரே வெள்ளைப் பீப்பாயில் வரைந்த சின்னச் சின்னக் குறிகள். தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழக வேண்டும். கிராண்டல் அழுத்தவில்லை. முழங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தான்.

“எதுக்குடா மெனக்கெடுறே? வெள்ளிக்கிழமை தோத்ததுதான் எனக்கு அடிச்ச யோகம். திங்கக்கிழமை நாலு குண்டை மண்ணுல விட்டுட்டு அடுத்த பஸ்ல ஏறிருவேன். எங்கப்பா கார் விக்கிறாரு. ஏசி ரூம்ல நாற்காலி ரெடியா இருக்கு.”

கொடியை வைத்துக்கொண்டு அப்படிக் குதித்தாயே என்றேன். கொடி இருந்தவரை சரி, இனி எங்களை மாதிரிக் கூலிக்காரர்களோடு கழிவறை கழுவ அவனால் முடியாதாம்.

“லானி?”

“யாரு, அந்தக் கோழிப்பயலா? அவன் கொடுத்துவச்சவன்டா. எனக்கு முன்னாடியே வீடு போய்ச் சேந்துட்டான்.”

சிரித்தான். அவன் மூக்கை உடைக்கக் கை எழுந்தது. அடக்கிக்கொண்டேன். இவனைத் தோற்கடிக்க நான் பட்ட பாடெல்லாம் இவனுக்கே பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததாக முடியப்போகிறது. லானிக்குக் கொக்கி, இவனுக்கு நாற்காலி. கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தது நாலு வருஷத்துக்கு; தேறிவிட்டால் அவ்வளவும் இங்கேதான். இவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை நான் எங்கே தேடுவது?

அப்புறம் ஒழுங்காகவே சொல்லிக் கொடுத்தேன். துப்பாக்கி வாரை அவன் மேல்கையில் விரல் நீலம் பாரிக்கும்வரை இறுக்கினேன். கண்ணை மூடு, மூச்சை விடு, கண்ணைத் திற. குறி விலகியிருந்தால் கையால் தள்ளாதே, இடுப்பை நகர்த்து. குமிழை நானே ஒரு கோடிவரை திருகி, அங்கிருந்து எண்ணிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். கெடுத்தவன் நான்தானே. இரண்டு நாள் அவன் முழங்கையில் தோல் இல்லை.

“பைத்தியமாடா உனக்கு?” என்றான்.

“படுடா.”

திங்களன்று சுடுபவர்கள் ஆறே பேர் என்பதால் பள்ளத்தில் எங்கள் பிளட்டூனிலிருந்தே ஒரு இலக்குக்கு ஒரு ஆள்தான். மேற்பார்வை பார்க்கிறவர் கோடியில் நிழலில் உட்கார்ந்திருந்தார். பதினாலாம் எண்ணுக்குப் போகவிருந்தவனிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டேன்.

இருநூறு கஜத்திலும் முந்நூறிலும் ப்ருசார்ட் அவன் தலைமாட்டிலேயே நின்றார் போலும். தோட்டாக்கள் ஒழுங்காக வந்தன. நாற்பது குண்டுக்கு நூற்று அறுபது புள்ளி. ஐந்நூறில் கடைசிப் பத்து. முதல் மூன்று அட்டையில் பட்டன, பன்னிரண்டு. நான்காவது எனக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்தது. ஆரம்பித்துவிட்டான்.

குண்டு தப்பினால் சிவப்புக் கொடியை ஆட்ட வேண்டும். நான் அதைத் தொடவில்லை. அட்டையை இறக்கினேன், ஓரத்தில் பென்சிலால் குத்தினேன், வில்லையைச் செருகி ஏற்றினேன். மூன்று புள்ளி. நடுவில் குத்தினால் சந்தேகம் வரும். ஐந்தாவதும் மண்ணில். மறுபடி குத்தினேன். ஆறாவது வருவதற்கு வெகு நேரம் ஆனது. அங்கே அவன் தொலைநோக்கியில் கண்ணை வைத்து என் வில்லையைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் சூடேறியது. நான்காவதிலிருந்து ஏழு குண்டும் மண்ணைத்தான் தின்றன. ஏழுக்கும் துளை போட்டேன். ஐந்து துளைக்கு மும்மூன்று புள்ளி, மீதி இரண்டுக்கு இவ்விரண்டு.

நூற்றுத் தொண்ணூற்றொன்று. ப்ருசார்ட் வரிசைக்கு முன்னால் வாசித்தார். பயல்கள் கிராண்டலின் முதுகில் தட்டினார்கள்.

கஞ்சி போட்ட துணி மாதிரி முகம் விறைத்து என்னிடம் வந்தான்.

“நான் மண்ணைப் பாத்துத்தான்டா சுட்டேன்.”

“தெரியும். போய் சார்ஜெண்டுகிட்டச் சொல்லு. வேணும்னே தப்பா சுட்டேன் சார்னு சொல்லு. வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, உள்ள தூக்கிப் போடுவாங்க.”

ப்ருசார்ட் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“நாலு வருஷம், கிராண்டல். இது லானிக்கு.”

அவன் ஏதோ சொல்ல வந்தபோது ப்ருசார்ட் எங்கள் பக்கம் வந்தார். டேக்கெட், நல்லாத் தயார் பண்ணிருக்கே என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடுத்து காலாட்படைப் பள்ளியிலும் எங்கள் இருவரையும் ஜோடியாகப் போடச் சொல்லி எழுதுகிறேன் என்றார். ஒரே குழி, ஒரே கூடாரம், இவன் துப்பாக்கி என் முதுகுக்குப் பின்னால்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. கிராண்டல் என்னைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

“சரி, சார்” என்றேன்.