வழி என்று எழுதிய மனு

…வழி என்றுதானே எழுதினாள், பஸ் என்று மட்டும் கேட்டால் சின்னதாகத் தெரியுமே என்று, கலெக்டர் கைக்குப் போகிற மனுவாயிற்றே என்று, ‘பொதுமக்கள் போய்வர நல்ல வழி செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்’… ஜெயம் தெளிவாகத்தான் சொன்னாள், பஸ்ஸ இன்னும் ரெண்டு நடை விடச் சொல்லி எழுதுடி திலகா, ஒன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும் என்று. ஆபீசில் படித்தவர்கள் வழி என்றால் ரோடு என்று எடுத்துக்கொண்டார்கள், இருக்கிற பணம் ரோடு, பஸ் இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும் என்றார்களாம், சேத்துப்பட்டு ரோட்டிலிருந்து ஜெயத்தின் ஊர்வரைக்கும் கறுப்பாய், வழவழவென்று தார் போட்டுக் கொடுத்தார்கள். ரோடு வந்ததும் ஆளுக்கொரு வண்டி வாங்கினார்கள், ஷேர் ஆட்டோ வந்தது, பஸ்ஸில் ஏற ஆளில்லை என்று போன தை மாசம் இருந்த ஒரு நடையையும் நிறுத்திவிட்டார்கள். சின்ன வயதில் சூம்பிப்போன காலோடு ஜெயம் வண்டியில் எப்படி ஏறுவாள், நெரிசலில் ஆட்டோவில் எப்படி உட்காருவாள்? பஸ் என்றால் கண்டக்டர் விசில் ஊதாமல் நிற்பார், கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். வெள்ளிக்கிழமைதோறும் ஆரணிக்கு வந்து, அம்மன் கோயிலில் இருவரும் ஒரே இலையில் பொங்கல் தின்று… அவளைப் பார்த்து ஏழு மாசம். அவளால் வர முடியாது சரி, திலகா, நீ போகலாமே, ஆட்டோ ஓடுகிறதே, தறியை விட்டு எழுந்து இங்கே வரத் தெரிந்தவளுக்கு அதில் ஏறத் தெரியாதா? எந்த முகத்தோடு போவது, அம்மன் தாயே, நீயே சொல்லு… ஜெயத்துக்குப் பூவை மட்டும் வாங்கிக்கொண்டு இந்தப் பழைய நிறுத்தத்தில் வந்து வந்து நிற்கிறாள். பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஜெயத்தின் ஊர் நெசவாளி தணிகாசலம், வண்டியின் முன்னால் தறிக்குப் பாவு நூல் மூட்டை. “இன்னாம்மா, வராத பஸ்ஸுக்கு நின்னுகினு கீறீங்க?” அவள் சும்மா சிரித்தாள். “எங்க ஊரு ஜெயம் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிகினு கீது, இது எங்க திலகா எழுதி வாங்கின ரோடுன்னு. பெருமை தாங்கல. வாங்க, ஏறுங்க, ஜல்தி.” பெருமையா? வழி என்று எழுதினது தெரியாமல் சொல்கிறாளா, இல்லை, எல்லாம் தெரிந்தும், இங்கே ஒருத்தி குறுகிக்கொண்டு நிற்பாள் என்று தெரிந்தும், அவள் காதுக்கு எட்டட்டும் என்று இப்படிச் சொல்லிவைக்கிறாளா… பூப்பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி குலுங்காமல் போயிற்று. நல்ல ரோடுதான், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று ஜெயம் கேட்டால் எதை முதலில் சொல்வது…