பிளாஸ்டரில் ஒரு தெத்துப்பல்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கேள்வி. புது ஊரில், சாமான்களை இறக்கி முடித்த பிறகு, ஓர் அம்மாள் சாதாரணமாகக் கேட்டது. அதை மட்டும் எழுதினால் நான்கு வரியில் முடிந்துவிடும். ஆனால் கேள்வி புரிய வேண்டுமென்றால் நீங்கள் எங்களோடு வண்டியில் ஏற வேண்டும். வண்டி கிளம்ப வேண்டுமென்றால் என் அண்ணன் சாக வேண்டும். அவனைத் திரும்பத் திரும்பச் சாகடித்து எனக்கு அலுத்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம், வங்கியில், தொலைபேசிக் கடையில், எல்லா இடத்திலும் நான்தான் சொன்னேன்.

முதல் வரைவில் அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்ததாக எழுதினேன். பல்லைப் பற்றிய கதைக்கு எவ்வளவு பொருத்தம். அடித்துவிட்டேன். அவன் பேருந்து நிறுத்தத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனான். தூங்குகிறான் என்று நினைத்த பக்கத்து ஆள், பேருந்து வந்ததும் தோளைத் தட்டியிருக்கிறார்.

2

பாத்திரங்கள் இரண்டு பேர். பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நான். பல் செட் செய்யும் அவள். அவளை எப்படிக் குறிப்பிடுவது என்பதிலேயே நிறையத் தாள் வீணாயிற்று.

‘என் தோழி’ என்று ஆரம்பித்தேன். தப்பில்லை. கல்லூரி விடுதியில் ஒரே அறை, ஒரே வாளி. ஆனால் என் அண்ணனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அண்ணி. ‘அண்ணி’ என்று எழுதினாலோ, அண்ணனே இல்லாதபோது

(அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். முடிக்க வரவில்லை.)

நாலு பேர் முன்னால் அண்ணி, தனியாக இருந்தால் வாடி போடி. பழக்கம் விடவில்லை, அண்ணி என்றே எழுதுகிறேன். அவள் என்னைக் கூப்பிடுவது ‘பிரேக்கு’ என்று. யார் ஓட்டினாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் வலது கால் தன்பாட்டுக்குத் தரையை மிதிக்கும். தொழில் கோளாறு.

3

வாடகைக்கு எடுத்த மூடிய வேன். மெத்தை, இரண்டு நாற்காலி, துணி, பாத்திரம், அவளுடைய சின்னச் சின்னக் கத்திகள், பழைய பல் அச்சுகள் அடுக்கிய அட்டைப்பெட்டி. வேறு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நான் ஓட்டினேன்.

சாலையை வர்ணித்து ஒரு பத்தி எழுதினேன். மலை, மேகம், மஞ்சள் வெயில். எல்லாம் பொய். நாங்கள் பார்த்தது முன்னால் போன சிமென்ட் லாரியின் பின்பக்கத்தை.

“ஓவர்டேக் பண்ணேன்டி.”

“எதிர்ல என்ன வருதுன்னே தெரியல. பசங்களுக்குப் பண்ணாதேன்னு சொல்லிக்குடுக்கறதை நானே பண்ணவா?”

“உன்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாம் இந்த மாதிரி ஏதோ ஒரு லாரிக்குப் பின்னாடிதான் இன்னும் போயிட்டிருப்பாங்க, பிரேக்கு.”

சிரித்தோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.

4

டீ குடிக்க நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஓர் அடிக்குறிப்பு. (அடியில் போட வேண்டியது. இடம் போதாமல் மேலே வந்துவிட்டது.)

அவள் படித்த காலத்தில் முதன்முதலாக அச்சு எடுத்தது என் அண்ணன் வாயில். ஆள் பிடித்துக் கொடுத்தவள் நான். பசை தொண்டைக்குப் போய்க் குமட்டி, அவள் பதறியதைப் பார்த்துச் சிரித்து, ஆடிவிட்டான். கீழ்த்தாடையின் ஓரம் இழுபட்டுப் போயிற்று. வாத்தியார் தேறாது என்று தள்ளிவிட்டார். பிளாஸ்டர் ஊற்றி எடுத்த அந்த அச்சை, மேலும் கீழுமாக, தெத்துப்பல்லோடு அவள் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவள் என்று வீட்டில் கிண்டல் செய்வோம். கிண்டல் செய்த அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை.

டீக்கடையில் அவள் கேட்டாள்.

“காலி அலமாரியில ஒண்ணு வச்சிருந்தேனே, எடுத்துக்கிட்டியா?”

“பாத்தேன். நீ மறந்துட்டியோன்னு நினைச்சு, அண்ணன் அச்சைத் துணியில சுத்தி உன் அச்சுப் பெட்டியிலயே வச்சுட்டேன்.”

டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அது உனக்குடி. உனக்குன்னுதான் தனியா வச்சேன்.”

“சொல்ல வேண்டாமா?”

“வாயில வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?”

பெட்டி மெத்தைக்கு அடியில் இருந்தது. நடுவழியில் எடுக்க முடியாது. அடுத்து அவள் சொன்னதை நம்பித்தான் இந்தக் கதை நிற்கிறது. அதனால் மெருகேற்றாமல் தருகிறேன்.

“அங்க யார்கிட்டயும் அவரைப் பத்திப் பேசப்போறதில்ல. தனியா இருக்கேன், அவ்வளவுதான். நீ என்கூடப் படிச்சவ.”

“நாத்தனார்னு சொன்னா என்ன குறைஞ்சிடும்?”

“அடுத்து ‘அவரு எங்க’ம்பாங்க. அதோட முடிஞ்சுது. அவர் போனதிலேருந்து என்னை ஒருத்தரும் திட்டல, தெரியுமா? போன மாசம் ஒரு தாத்தாவுக்கு மேல்செட்டைத் தப்பாப் பண்ணிட்டேன். முதலாளி, ‘பரவாயில்லம்மா, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு’ங்கறாரு. அந்த மனுஷன் மெல்ல முடியாம உக்காந்திருக்காரு. தப்பு பண்ணினா நாலு திட்டு விழற இடத்துல எனக்கு வேலை பாக்கணும்டி.”

“அப்ப அண்ணன்?”

“என்கிட்ட இருக்காரு. ஊருக்கு எதுக்கு?”

“சரி. நான் வாயைத் திறக்கல.”

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் கதைக்கு நல்லது. வந்தது களைப்புதான். அண்ணனைத் தெரிந்தவர்கள் என்று எனக்கு மிச்சம் இருந்தவள் இவள் ஒருத்தி. அவளை அவனில்லாத ஊருக்கு நானே வண்டியோட்டிக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன்.

5

வேலைக்கூடம் கீழே, அவளுக்கு அறை மாடியில். கூடத்தை நடத்தும் அம்மாளைச் சிடுமூஞ்சியாகத்தான் முதலில் எழுதினேன். உண்மையில் அவர் எங்களோடு சேர்ந்து மெத்தையைப் பிடித்தார். “வலப்பக்கம் திருப்பு. உன் வலம் இல்ல, என் வலம்” என்று படி முழுக்க அதட்டினார்.

“இவங்க யாரு?”

“கூடப் படிச்சவ,” என்றாள் அண்ணி.

“நல்ல ஃப்ரெண்டுதான். என் ஃப்ரெண்டுங்க எல்லாம் மெத்தைன்னா படுக்கத்தான் வருவாங்க.”

அச்சுப் பெட்டியை அவரே மேசைமேல் பிரித்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது நல்லா வந்திருக்கு, இது பரவாயில்ல. பிறகு துணிச் சுருளைப் பிரித்தார்.

“என்ன இது, ஓரம் இழுத்துப் போயிருக்கு? இந்த லட்சணத்தை ஊர் விட்டு ஊர் சுமந்துட்டு வந்தியா?”

அண்ணியின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். திட்டு கிடைத்துவிட்டது.

“படிக்கும்போது பண்ணது. சரியா வரல.”

அவர் அதைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கட்டைவிரலால் கடைவாய்ப் பற்களைத் தடவினார். மேடுகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன.

“ராத்திரி நறநறன்னு பல்லைக் கடிக்கிற ஆளு.”

அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவன்மேல் தலையணையை எறிவேன். அவள் அதன் பக்கத்தில் படுத்தவள். தோளைத் தட்டினால் நின்றுவிடும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைக் கேட்ட ஜீவன்கள் இனி நாங்கள் இரண்டு பேர்தான்.

அம்மாள் தலையை நிமிர்த்தினார்.

“யாரு இது? இப்ப தூங்கறப்போ பல்லு தேயாம ஏதாவது உறை மாட்டிக்கிறாரா, இல்ல இன்னும் கடிச்சிட்டேதான் இருக்காரா?”

அந்தக் கேள்வி இதுதான்.

6

ஒரு முடிவு: அண்ணி, “யாரோ, ஞாபகமில்ல” என்கிறாள். அம்மாள் அதைக் கழிவுக் கூடையில் போடுகிறார். எழுதிப் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று: நான் சொன்ன சொல்லை மீறி “எங்க அண்ணன்” என்கிறேன். அம்மாள் அச்சை இரண்டு கையாலும் மெல்லக் கீழே வைக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்திலும் அண்ணியை யாரும் திட்டப்போவதில்லை.

மூன்றாவது: எங்களில் ஒருத்தி, “இன்னும் கடிச்சிட்டேதான் இருக்காரு” என்கிறாள். அம்மாள் சிரிக்கிறார். அண்ணன் உயிரோடு இருக்கும் ஓர் ஊர் கிடைத்துவிடுகிறது. அப்புறம் அவள் தினமும் அவன் சாப்பிட்டானா, வேலைக்குப் போனானா என்று புளுகிக்கொண்டே இருக்க வேண்டும். (எனக்கு இதுதான் ஆசை. அதனாலேயே இதை நம்பவில்லை.)

நடந்தது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். வாயைத் திறப்பதில்லை என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மாள் அச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அண்ணி என்னைப் பார்க்கிறாள், நான் அவளை. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், அவருக்கு ஒரு பதில் நீங்களே சொல்லிவிடுங்கள். பார்த்துச் சொல்லுங்கள். நாளைக்குக் காலையில் அவள் அங்கே வேலைக்குப் போக வேண்டும்.