வெல்டிங் அவனுடையது, பம்பு அவளுடையது

எகிப்தில் சூயஸிலிருந்து சொக்னா பக்கம் போகும் புது எரிவாயுக் குழாய்க்கு வெல்டிங் தலைவன் வஹ்தான். அந்தக் குழாயில் தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டுக்குப் பொறுப்பு எஞ்சினியர் இன்திஸார். இருவரும் புருஷன் பெண்டாட்டி. விஷயம் தெரிந்த நாளிலிருந்து தளத்தில் கேலி செய்யாத ஆள் பாக்கியில்லை. "வீட்டுல தினமும் நடக்கிற டெஸ்டுதானே, வெளியில எதுக்கு ஒருதரம்?" என்று கிரேன் ஓட்டுபவன்கூடக் கேட்டான்.

சிரிக்காதவர் ஒருவர்தான், எரிவாயுக் கம்பெனியின் மேற்பார்வையாளர் வஹீப். அவர் கையெழுத்து இல்லாமல் குழாய்க்குள் எரிவாயு போகாது.

"பொண்டாட்டி புருஷனைப் பாஸ் பண்ணிவிட்டாள்னு நாளைக்கு ஒருத்தரும் பேசக்கூடாது, எஞ்சினியரம்மா" என்றார்.

"பாஸ் போடறது நானில்ல, உஸ்தாத். அழுத்தம் காட்டற கேஜுல இருக்கிற முள்ளு. நீங்களே பக்கத்துல நாற்காலி போட்டு உட்காருங்க."

பம்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் சண்டை வந்தது. இந்த வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த ஹாஜி ஷௌகி கொதிகலன்களும் தொட்டிகளும் செய்யும் பட்டறைக்காரர். குழாய் வேலை அவருக்கு இதுதான் முதல் தடவை. இன்திஸாரை அறைக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்து, மூலையில் இருந்த சின்னப் பம்பைப் பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டினார்.

"நம்ம பட்டறையில செஞ்ச அத்தனை கலனையும் இதுதான் அழுத்திப் பார்த்திருக்கு. முந்நூறு பார் அழுத்தம் வரைக்கும் அசராது. உனக்கு வேண்டியது நூத்தஞ்சுதானே? அப்புறம் எதுக்கு வெளியில தேடறே?"

"அழுத்தத்துல குறையே இல்ல ஹாஜி. தண்ணி தர்றதுலதான் குறை. ஒரு தள்ளுக்கு ஒரு மடக்குத் தண்ணிதான் தருது. கலனுக்கு அதுவே அழகு, மெதுவா ஏறும், நினைச்ச இடத்துல நிறுத்தலாம். இது பன்னெண்டு கிலோமீட்டர் குழாய். ரொம்பின பிறகும் அழுத்த அழுத்தக் குடிக்கும். தண்ணி கொஞ்சம் நசுங்கும், இரும்பு கொஞ்சம் உப்பும். கணக்குப் போட்டுட்டேன், நாலு டேங்கர் தண்ணி கூடுதலா உள்ள போகணும். இந்தக் குட்டியை வெச்சு அழுத்தினா என் பொண்ணு நதா கல்யாணமாகிப் புள்ளை பெத்துடுவா. அவளுக்கு இப்ப ஒம்பது வயசு."

ஹாஜி சளைக்கவில்லை. "அப்ப துறைமுகத்துல என் மச்சான்கிட்ட ஒரு ராட்சசன் நிக்குது. லாரி மேலயே ஏத்தி வெச்சிருக்கான். நாலு டேங்கரையும் ஒரே மூச்சுல தள்ளிடும்."

"அதான் பயமே. அதுக்கு ஒரே வேகம்தான், குறைக்க முடியாது. கடைசிப் பத்து பாரை நான் பூனை மாதிரி ஏத்தணும். அது எருமை மாதிரி ஏத்தும். நிறுத்துன்னு நான் கத்தி முடிக்கறதுக்குள்ள எல்லையைத் தாண்டிடும்."

"சின்னதும் வேணாம், பெரிசும் வேணாம். மாப்பிள்ளை பார்க்கிற மாதிரியில்ல இருக்கு!"

"மாப்பிள்ளையைத் தப்பாப் பார்த்தாக் குடும்பம்தான் உடையும் ஹாஜி. இதுல ஆளே உடையும்."

அவள் கேட்டது இரண்டு பம்புகள். குழாயின் வயிற்றை நிரப்ப, அழுத்தம் குறைவாகவும் தண்ணீர் தாராளமாகவும் தரும் ஒன்று. நிரம்பிய பிறகு அழுத்தம் ஏற்ற, நூற்றைம்பது பார் வரை தாங்கும், தண்டு இடித்துத் தண்ணீர் தள்ளும் பிளஞ்சர் பம்பு ஒன்று. பாலைவனத்தில் மின்சாரம் கிடையாது என்பதால் அது டீசலில் ஓட வேண்டும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடிய வேண்டும். ஹாஜி முனகிக்கொண்டே சம்மதித்தார்.

வீட்டில் வஹ்தான், வழக்கம்போல மகள் பெயரைச் சேர்த்து அவளைக் கூப்பிட்டு, தன் பங்குக்கு ஆரம்பித்தான். "அந்த ராட்சசனையே எடுத்திருக்கலாம் உம்மு நதா. சட்டுனு முடிஞ்சிருக்கும்."

"ஏன், வெல்டிங் மேல பயமா?"

"என் வெல்டிங்கை யானை ஏறி மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. உன் பம்புதான் பார்க்க நோஞ்சானா இருக்கு."

"பார்க்க நீயும்தான் அப்படி இருந்தே" என்றாள் அவள். அவன் வாய் நிறைய அவித்த மொச்சையோடு தலையை மட்டும் ஆட்டினான்.

குழாயை நிரப்பி முடித்த மறுநாள் காலை அழுத்தம் ஏற்றத் தொடங்கினார்கள். கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். வஹீப் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பம்பு சீராக ஓடியது. ஒரு டேங்கர் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அவள் கணக்குப்படி முள் இருபத்தைந்து பாரைத் தொட்டிருக்க வேண்டும். அது மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் படுத்துக்கிடந்தது.

கயிற்றுக்கு அப்பால் முணுமுணுப்பு கிளம்பியது. ஹாஜி ஓடிவந்தார்.

"நான் சொன்னேனா இல்லையா? பம்புக்குச் சக்தி இல்லம்மா! மச்சானுக்குப் போன் போட்டாச்சு, லாரி கிளம்பிடுச்சு."

வஹ்தானின் முகம் வெளுத்திருந்தது. எங்கோ ஒரு மூட்டு கசிகிறது என்று அவன் நினைக்கிறான் என்பது அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவள் நோட்டைத் திறந்து கணக்கை இன்னொரு தடவை பார்த்தாள். கணக்கு தப்பவில்லை என்பதில் சந்தேகமில்லை. அப்படியானால் தப்பு வேறெங்கோ இருக்கிறது.

பம்பை நிறுத்தி, குழாய் வாயிலிருந்த வால்வை மூடச் சொன்னாள்.

"உஸ்தாத், இப்ப பம்புக்கும் மூடின வால்வுக்கும் நடுவுல ஒரு முழம் குழாய்தான் இருக்கு. பம்புக்குச் சக்தி இருக்கா இல்லையான்னு பாருங்க."

மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டச் சொன்னாள். பம்பு நாலு தடவை உதைப்பதற்குள் அதன் முள் நூற்றுப்பத்தைத் தாண்டித் துள்ளியது. சேஃப்டி வால்வு சீறித் தண்ணீரைத் துப்பியது. அவள் கை காட்டினாள், நிறுத்தினார்கள். ஹாஜி இரண்டடி பின்னால் போயிருந்தார்.

"பம்பு நல்லாத்தான் இருக்கு" என்றார் வஹீப். "அப்ப வெல்டிங்தான்." அவர் வஹ்தானைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

"அவசரப்படாதீங்க. குழாய்ப் பக்கத்துக் கேஜைப் பாருங்க. நிறுத்தி இவ்வளவு நேரமாச்சு. முள்ளு இறங்குச்சா?"

வஹீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். "இல்ல. அசையலை."

"ஒரு டேங்கர் தண்ணி போற அளவுக்கு ஓட்டை இருந்தா முள்ளு நிக்குமா? தண்ணி உள்ளதான் இருக்கு. ஆனா உள்ள ஏதோ மெத்தை மாதிரி அமுங்குது. காத்து. எங்கயோ மேடான இடத்துல காத்து மாட்டியிருக்கு."

"இருந்தா இருக்கட்டும்மா" என்றார் ஹாஜி. "ராட்சசன் வந்தா காத்தையும் சேர்த்து அமுக்கிடும். அழுத்தம் வந்தாப் போதாதா?"

"வரும் ஹாஜி. நூத்தஞ்சு பாருல அமுங்கின காத்து வெடிகுண்டு. தண்ணி மட்டும் இருந்து மூட்டு விட்டா நனைஞ்சு போவோம். காத்து இருந்து விட்டா நம்மளைப் பொறுக்கித்தான் எடுக்கணும். இந்தக் காத்து வெளியில போறவரைக்கும் எந்தப் பம்பை வெச்சும் அழுத்தத்தை ஏத்த மாட்டேன்."

"ஏர் வால்வு எல்லாத்தையும் திறந்து பார்த்துத்தானே மூடினாங்க? காத்தை முன்னால தள்ளிட்டுப் போக ரப்பர் பந்து வேற விட்டு நிரப்பினோமே" என்று வஹீப் கேட்டார்.

அப்போது வஹ்தான் கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான்.

"வெள்ளவாய்க்கா மேல குழாய் வளைஞ்சு போகுதே, அந்த ஏர் வால்வு" என்றான். "நான்தான் மூடச் சொன்னேன். வளைவுக்கு அடியில ஒரு பொம்பளை தர்பூசணி விக்கிறா. வால்வு தண்ணியைத் துப்பினதும் கடையோட நனைஞ்சு சத்தம் போட்டிருக்கா. வால்வுகிட்ட நின்ன நம்ம பையன் தஸூகி போன் பண்ணான். தண்ணிதான் வந்துடுச்சே, மூடுடான்னுட்டேன்."

"சீரா வந்துச்சா? துப்பித் துப்பி வந்துச்சா?"

"துப்பித் துப்பி."

அப்படியென்றால் காற்று மீதியிருக்கிறது என்பது வஹ்தானுக்கும் தெரியும். சொல்லாமல் இருந்திருந்தால் பழி அவள் தண்ணீர் நிரப்பிய வேலையோடு போயிருக்கும். அவன் வாய் திறந்ததும், ஏற்கெனவே வெல்டிங்கைச் சந்தேகித்தவர்கள் முன்னால் இன்னொரு தப்பையும் ஏற்றுக்கொண்டதாகிவிட்டது. இன்திஸாருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அதே மூச்சில் அவன்மேல் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் அந்த இடத்தில் காட்ட அவள் விரும்பவில்லை.

"வண்டியை எடுங்க, உஸ்தா" என்று, யாரோ ஒரு மேஸ்திரியிடம் சொல்வது போல, வஹ்தானிடம் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

வளைவுக்கு அடியில் தர்பூசணிக்காரி இவர்களைக் கண்டதுமே இடுப்பில் கைவைத்து எழுந்தாள். "மறுபடியும் வந்துட்டீங்களா, படுபாவிங்களா!"

"கடையை நாங்களே நகர்த்தித் தர்றோம் அம்மா" என்று வஹ்தான் பழங்களை இரண்டிரண்டாகச் சுமந்தான். கூடவே வந்த வஹீபும் ஒரு பழத்தைத் தூக்கினார்.

தஸூகி மேலேறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வால்வை நூலளவு திறந்தான். லாரி டயரில் காற்றுப் பிடுங்கிக்கொண்டது போலச் சீற்றம். அது அடங்கப் போகிறது என்று தோன்றும்போதெல்லாம் மீண்டும் எழுந்தது. நிரப்பும் பம்பு தளத்திலிருந்து தண்ணீரைத் தள்ள, காற்று இருமி இருமி வெளியேறியது. கடைசியில் வால்விலிருந்து வெள்ளைக் கயிறு போல ஒரே சீராகத் தண்ணீர் விழுந்தது. இன்திஸார் அவசரப்படவில்லை. அந்தக் கயிறு அறுபடவே இல்லை என்று மனம் நிறைந்த பிறகுதான், "இப்ப மூடு" என்றாள்.

திரும்பி வந்தால் ராட்சசனைச் சுமந்த லாரி நின்றிருந்தது. "எங்க இறக்கணும்?" என்று ஓட்டுநர் கேட்டான்.

"இறக்க வேணாம். டீ குடிச்சிட்டுப் போங்க."

இந்தத் தடவை முள் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒவ்வொரு டேங்கருக்கும் அவள் எதிர்பார்த்த இடத்துக்கு ஏறியது. தொண்ணூற்றைந்தில் வேகத்தைக் குறைத்தாள். அதற்கு மேல் ஒவ்வொரு பாராக ஏற்றி, நூற்றைந்தில் நிறுத்தி, வால்வை மூடினாள். மறுநாள் மதியம்வரை வஹீப் நாற்காலியை விட்டு எழுந்தது சாப்பிடவும் தொழவும்தான். வெயில் ஏறியபோது முள் கொஞ்சம் ஏறியது, குளிர்ந்தபோது அதே அளவு இறங்கியது. அதற்கு மேல் அசைவில்லை. ஒரு மூட்டிலும் ஈரமில்லை.

வஹீப் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்காம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

"வளைவு வளைவாத் தேடியிருப்பேன், உஸ்தாத். இன்னும் ரெண்டு நாள் ஆகியிருக்கும். ஆனா பம்பை மாத்தியிருக்க மாட்டேன்."

வீடு திரும்பும் வழியில் வஹ்தான்தான் வண்டியை ஓட்டினான். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான், "கோவமா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"எனக்குப் போன் பண்ணாம ஒரு வால்வைக்கூட இனிமே நீ மூடக்கூடாது. அவ்வளவு."

"சரி."

"உன் வெல்டிங் நல்லா இருந்துச்சு."

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கடலோரத்து மீன்கடை முன்னால் வண்டியை நிறுத்தினான். மீன் வறுபடுவதற்குள் அவள் மேஜையில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். "ஆறிடும், எழுந்திரு" என்று அவன் உலுக்கினான். அவள் எழுந்து, தன் பங்கைத் தின்று முடித்துவிட்டு, அவன் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.