பேட்ஜ் குத்திண்ட வியாதிக்காரா

எங்க தெருவுல இலவச மருத்துவ முகாம் நடத்தணும்னு முதல்ல சொன்னது எங்காத்துக்காரர்தான். பேர் நாகேஸ்வரன், திருவனந்தபுரம் கரமனைல எங்க அக்ரஹாரத்துத் தெரு சங்கத்துக்கு செக்ரட்டரி. "இன்ஷூரன்ஸ் இல்லாம எத்தனை பேர் அவஸ்தைப் படறா, ஜெயலக்ஷ்மி! நாம ஏதாவது பண்ண வேண்டாமா?"ன்னார். அப்படிக் கேக்கும்போது அவர் வலது கால் கட்டை விரல்ல புண் இருந்தது. அவருக்கும் இன்ஷூரன்ஸ் கிடையாது. இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்னு அந்த மனுஷருக்குத் தோணலை. நான் வாயைத் திறந்தா, "நீ சும்மா இரு"ம்பார்.

சாலைக் கடைத்தெருவுல ஒரு ஜவுளிக்கடைல கணக்குப் பார்த்துண்டிருந்தவர் இவர். கடை இருந்த வரைக்கும் மொதலாளி இன்ஷூரன்ஸ் கட்டினார். கடையை மூடினார், அதுவும் மூடிப் போச்சு. தனியா எடுக்கலாம்னு போனா, சுகர் இருக்கேன்னு கம்பெனிக்காரா சொன்ன தொகையைக் கேட்டு இவருக்கு சுகர் இன்னும் ஏறித்து. கவர்ன்மெண்ட் திட்டத்துல சேரலாம்னா எங்க ரேஷன் கார்டு வெள்ளை. வெள்ளைக் கார்டுன்னா வசதியுள்ளவான்னு அர்த்தமாம். பிள்ளை சுமந்த் கழக்கூட்டத்துல சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கான். அந்த இன்ஷூரன்ஸ்ல பொண்டாட்டி உண்டு, குழந்தை உண்டு, பெத்தவா கிடையாது. "அவன்கிட்ட கால் விஷயத்தைச் சொல்லிடாதே, ஃப்ளாட் லோனே அவன் கழுத்தை நெரிக்கறது"ன்னு எனக்குத் தடை உத்தரவு வேற.

புண் எப்படி வந்ததுன்னா, உச்சி வெயில்ல கோவில் பிராகாரத்தைச் சுத்தியிருக்கார். கல்லு கொதிச்சிருக்கு, சுகர் காலுக்குத் தெரியலை. ஆத்துக்கு வந்து பார்த்தா கொப்புளம். மஞ்சளை வெச்சார். அப்பறம் வேற என்னத்தையோ வெச்சார். விரல் கறுத்தது. மெடிக்கல் காலேஜுக்குப் போலாம் வாங்கோன்னேன். "அந்த தர்மாஸ்பத்திரி வரிசைல நான் போய் நிக்கறதா? தெரிஞ்சவா பார்த்தா என்ன நினைப்பா?"ன்னார். நடக்கறதுக்குன்னு சுமந்த் வாங்கிக் கொடுத்த ஷூவை எடுத்து மாட்டிண்டார். வேஷ்டிக்கு ஷூ, திருவனந்தபுரத்துப் புழுக்கத்துல நாள் முழுக்க சாக்ஸ். யாராவது கேட்டா, "டாக்டர் ஷூ போட்டுக்கச் சொல்லியிருக்கார்"ம்பார். எந்த டாக்டரும் சொல்லலை.

சாக்ஸைத் துவைக்கறவ நான். ஒரு நாள் அதுலேர்ந்து ஒரு வாடை வந்தது. எனக்குத் தெரிஞ்ச வாடை. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, கடைசில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா. கிணத்தடிலயே உக்காந்து அழுதேன். பயம்னா அப்படி ஒரு பயம். உள்ள வந்து இவர்கிட்ட சொன்னா, "முகாம் வேலை தலைக்கு மேல கிடக்கு, இப்போ போய் அழறியே"ன்னு எரிஞ்சு விழுந்தார்.

முகாமுக்கு டாக்டர் கிடைச்சா. ரெனின்னு பாறசாலைப் பக்கத்துப் பொண்ணு, ஞாயித்துக்கிழமை காசு வாங்காம வரேன்னா. இடம் எங்க தெரு பஜனை மடம். அங்கதான் நடத்தணும்னு முடிவு பண்ணினது இவர். அந்த மடத்துக்குள்ள செருப்பு கூடாது, ஷூ கூடாது, சாக்ஸ் கூடாது. அதை போர்டுல எழுதி மாட்டினதும் இவர்தான். போன வருஷம் ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் சாக்ஸோட நுழைஞ்சுட்டான்னு இவர் போட்ட சத்தத்துல, அந்த ஆள் ஃபேனை மாட்டாமலே போயிட்டான். இன்னிக்கு வரைக்கும் அங்க ஃபேன் இல்லை.

"ஏன்னா, ஷூவைக் கழட்டாம எப்படி உள்ள போவேள்?"ன்னு கேட்டேன்.

"நான் எதுக்கு உள்ள போகணும்? வாசல்ல நின்னு ட்ராஃபிக்கைப் பார்த்துப்பேன்."

எங்க தெருவுல ட்ராஃபிக்னா பால்காரர் ஸ்கூட்டர். அதுவும் காலைல ஏழு மணிக்குப் போயாச்சுன்னா சாயந்திரம்தான்.

ஞாயித்துக்கிழமை வந்தது. இவர் 'தொண்டர்'னு அச்சடிச்ச பேட்ஜ் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்து வெச்சிருந்தார். தெருவே வந்தது. வந்தவா எல்லாரும் ஆளுக்கொரு பேட்ஜை எடுத்துக் குத்திண்டா. நானும் குத்திண்டேன். பத்து மணிக்கு மடத்துல டாக்டர் ஒருத்தி, தொண்டர்கள் ஒரு கூட்டம், வியாதிக்காரா உக்கார்றதுக்குப் போட்ட நாற்காலியெல்லாம் காலி. ஆத்தங்கரைப் பக்கத்துலேர்ந்து ரெண்டு பேர் வந்தா, காமிச்சா, மாத்திரை வாங்கிண்டு போயிட்டா. அதோட சரி. அடுத்தாத்து பத்மப்ரியா தண்ணி கொடுக்கற பொறுப்பை எடுத்துண்டா. தொண்டர்கள் குடிச்சா.

இவா யாருக்கும் வியாதி இல்லைன்னு நினைச்சுடாதீங்கோ. பாதி ஆம்னாட்டிகளுக்கு பிரஷர், பொம்னாட்டிகளுக்கு சுகர், முட்டி வலி. இன்ஷூரன்ஸ் யாராத்துல இருக்குன்னு விரல் விட்டு எண்ணிடலாம். ஆனா இலவசமா சேவை பண்ணினா கௌரவம், இலவசமா வைத்தியம் பார்த்துண்டா மானக்கேடு. அந்த நாற்காலில உக்காந்தா மறுநாள் காலைல கோலம் போடறச்சே தெரு முழுக்க அதே பேச்சா இருக்கும். டாக்டர் பொண்ணு பாவம், வெறுதே பேனாவை உருட்டிண்டு உக்காந்திருந்தா.

ராமசுப்ரமணியன் மாமாதான் வழி கண்டுபிடிச்சார். மேஜைகிட்டப் போய் நின்னுண்டு, "டாக்டர், இந்த பிரஷர் பார்க்கற மிஷின் சரியா இருக்கான்னு யாராவது டெஸ்ட் பண்ண வேண்டாமோ? வேணும்னா என் கையை உபயோகிச்சுக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை"ன்னார். நாற்காலி பக்கத்துலயே இருந்தது. உக்காரலை. நின்னபடி கையை நீட்டினார்.

டாக்டர் பட்டையைச் சுத்தினா, அமுக்கினா, மறுபடியும் அமுக்கினா. "சார், மெஷின் நல்லாதான் இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல"ன்னா.

அவ்வளவுதான், தொண்டர்கள் பூரா வரிசைல நின்னுட்டா. எல்லாருக்கும் மிஷின் மேல அப்படி ஒரு அக்கறை. பத்மப்ரியா சுகர் பார்க்கற மிஷினையும் டெஸ்ட் பண்ணிக் கொடுத்தா. டாக்டரும் மூச்சு விடாம, "இந்த மெஷின் சொல்லுது, உப்பைக் குறைக்கணும்"னு சொல்லிண்டே மாத்திரை கொடுத்தா. கெட்டிக்காரி.

ஆனா காலை டெஸ்ட் பண்ண மிஷின் எங்க இருக்கு? நான் வாசலுக்கு ஓடினேன். இவர் வெயில்ல நின்னுண்டு, இல்லாத வண்டிக்குக் கையைக் காமிச்சுண்டிருந்தார்.

"ஏன்னா, டாக்டர் பன்னண்டு மணிக்குக் கிளம்பிடுவா. உள்ள வாங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போறது."

"ட்ராஃபிக் இருக்கு."

"எங்க இருக்கு?"

"வரலாம்."

எனக்கு வந்துதே ஒரு கோபம்! முப்பத்தெட்டு வருஷம் இந்த மனுஷரோட குடித்தனம் பண்ணியிருக்கேன், அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. விறுவிறுன்னு உள்ள போனேன். பேட்ஜைக் கழட்டி மேஜை மேல வெச்சேன். வியாதிக்காரா நாற்காலில போய் உக்காந்தேன்.

பத்மப்ரியா தண்ணி கொடுக்கறதை நிறுத்திட்டா.

"அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?"ன்னா டாக்டர்.

தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். "எங்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப் பணமும் கிடையாது. அதனால இலவசமா வைத்தியம் பார்த்துக்க வந்திருக்கேன்."

யாரோ ஒரு தொண்டர் வாசலுக்கு ஓடிப் போய் இவர்கிட்ட சொல்லியிருக்கார். தொண்டர்கள் அன்னிக்குப் பண்ணின ஒரே உருப்படியான காரியம் அதுதான். இவர் முகமெல்லாம் சிவந்து போய், "ஜெயலக்ஷ்மி, எழுந்திரு! செக்ரட்டரியாத்துப் பொம்னாட்டி உக்கார்ற இடமா இது?"ன்னு கத்திண்டே ஓடி வந்தார். மடத்து நடுவுல வந்து நின்னார், ஷூவோட.

"ஷூ! ஷூ!"ன்னு மடமே அலறித்து. ராமசுப்ரமணியன் மாமா பிரஷரை மறந்துட்டு, "என்ன ஓய், செக்ரட்டரியே இப்படிப் பண்ணலாமா?"ன்னு எழும்பிக் குதிச்சார்.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டுது. தான் போட்ட சட்டம், தானே மீறிட்டோம்ங்கற பதட்டம். "ஐயையோ, அபசாரம், அபசாரம்"னு குனிஞ்சார். நின்ன இடத்துலயே ஷூவைக் கழட்டினார், சாக்ஸையும் உருவினார். உருவினப்பறம்தான் அவருக்கே ஞாபகம் வந்தது.

வாடை முதல்ல வந்தது. அப்பறம் எல்லாரும் பார்த்தா.

டாக்டர் எழுந்து வந்து தரையிலயே உக்காந்து இவர் காலை மடில எடுத்து வெச்சுண்டா. "எத்தனை நாளாச்சு சார்?"

"சாதாரணக் கொப்புளம்."

அவ குனிஞ்சபடியே, "நான் தொடுறது தெரியுதா?"ன்னா.

"தொட்டுட்டேளா?"ன்னு இவர் கேட்டார்.

டாக்டர் முகம் மாறிப் போச்சு. அவளே மெடிக்கல் காலேஜுக்கு ஃபோன் பண்ணினா. "இப்பவே போகணும், அம்மா. நாளைக்குன்னா பாதமே போயிரும்"னா. பத்மப்ரியா ஆட்டோ கொண்டு வந்து நிறுத்தினா. அன்னிக்கு அந்தத் தெருவுக்குள்ள வந்த ஒரே ட்ராஃபிக் அதுதான்.

ஆட்டோல இவர் வெளியவே பார்த்துண்டு வந்தார். "தெரு முழுக்கப் பார்த்துடுத்து, ஜெயா"ன்னார்.

"பார்க்கட்டும். நேக்கு நீங்க வேணும்"னேன். அழுகைதான் வந்தது. கையைப் பிடிச்சுண்டார். பட்டம் ஜங்ஷன் தாண்டி, உள்ளூர் ஜங்ஷன் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடலை.

கட்டை விரலை எடுத்துட்டா. பாதம் தப்பிச்சுது. சுமந்த் வந்து எங்க ரெண்டு பேரையும் நன்னாத் திட்டினான், அப்பறம் அப்பா கட்டிலைப் பிடிச்சுண்டு அழுதான். கட்டு மாத்தறதுக்குப் போறச்சே இவர் அந்த வரிசைல நிக்கத்தான் வேண்டியிருந்தது. முதல் தடவை போனப்போ எங்களுக்கு முன்னாடி எங்க தெருக்காரா ரெண்டு பேர் நின்னுண்டிருந்தா. அவாளும் தெரிஞ்சவா பார்த்துடப் போறாளேன்னு சுவரைப் பார்த்துண்டுதான் நின்னா. இவரைப் பார்த்ததும் மூணு பேருமா அன்னிக்கு வெயில் ஜாஸ்தின்னு பேசிண்டா.

கால் ஆறினப்பறம் அடுத்த முகாம். டாக்டர் ரெனி வந்தாச்சு, மேஜை போட்டாச்சு, நாற்காலி போட்டாச்சு. தெருவும் வந்தாச்சு. எல்லாரும் வாசல்ல நின்னுண்டு பேட்ஜ் பெட்டியைத் தேடினா.

"பேட்ஜ் எங்க?"ன்னார் ராமசுப்ரமணியன் மாமா.

"அடிக்கலை"ன்னார் இவர்.

"அப்போ நாங்கள்லாம் என்னவா உள்ள வர்றது?"

இவர் வெறுங்காலோட நொண்டிண்டே உள்ள போய் முதல் நாற்காலில உக்காந்தார். வேஷ்டியை ஒதுக்கிண்டு வலது காலை எல்லாருக்கும் தெரியற மாதிரி நீட்டினார். நாலு விரல் இருந்தது. நான் பக்கத்து நாற்காலில உக்காந்தேன்.

ராமசுப்ரமணியன் மாமா மெதுவா வந்தார். மேஜையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நான் வந்து, அந்த மிஷினை..."ன்னு ஆரம்பிச்சார்.

"மிஷின் நன்னா இருக்கு ஓய்"ன்னார் இவர். "உக்காரும்."

மாமா உக்காந்தார்.