அரங்கம் சிரித்த மூன்று நிமிடம்

1961. சனிக்கிழமை பகல் ஒரு மணி. சிகாகோவின் தெற்குப் பகுதியில் இருந்த ஓர் அரங்கத்தின் ஒப்பனை அறை. டிரம்ஸ் வாசிக்கும் ராஸ்கோ, பொரித்த கெளுத்தி மீனை ரசித்துத் தின்றுகொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்திருந்த கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் வெர்டெல் ஹூக்ஸ் தன் தட்டைத் தொடவே இல்லை.

"நெஞ்சுல யாரோ ஏறி நிக்கிற மாதிரி இருக்குடா," என்றாள்.

"வாடகை வாங்கிட்டு நிக்க விடுக்கா."

அவளும் லேசாகச் சிரித்தாள். "வியாழக்கிழம டவுனுக்குப் போய் டாக்டரப் பாத்தேன். வெள்ளக்காரரு. வலிக்குதுன்னு வாயத் தொறந்ததும் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அவங்க வீட்டுல என் ரெக்கார்டுதான் கேப்பாங்களாம். 'உங்க ஜனங்களுக்கு எதையும் தாங்குற ஒடம்பாச்சே'ன்னு சொல்லி, நெஞ்சுல குழாயக்கூட வெக்காம வயித்துக்கு மாத்திர எழுதிட்டாரு."

ராஸ்கோவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "இத அப்படியே மேடையில சொல்லுக்கா. கூர பிச்சுக்கும்."

வெர்டெல் தொடாத தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு விக்கை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பதினான்கு வயதில் மிசிசிப்பியில், கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுவில் சேர்ந்தவள் அவள். "பொம்பளன்னா பாடு, இல்லன்னா ஆடு. பேசிச் சிரிக்க வைக்கிறது ஆம்பள வேல" என்றார் குழுத் தலைவர். அவர் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், வெர்டெல் தனியாக மேடையேறித் தான் சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொன்னாள். கூடாரம் குலுங்கியது. அதன்பிறகு அவளைக் கீழே இறக்க யாராலும் முடியவில்லை. பக்கத்தில் ஓர் ஆண் இல்லாமல், கறுப்பினப் பெண் ஒருத்தி மணிக்கணக்கில் பேசுவதை அந்த ஊர்கள் அதற்குமுன் கண்டதில்லை. ஓட்டல்களில் கறுப்பினத்தவருக்கு அறை தரமாட்டார்கள், காரில் படுத்துக்கொள்வாள். அடுத்த ஊர் மேடையில் அந்த ஓட்டல்காரரைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள்.

இப்போது வயது ஐம்பத்தெட்டு. முட்டி வலி, இடுப்பு வலி என்று புலம்பித் தள்ளும் கிழவி வேடம்தான் அவளுக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. வெர்டெல் வலியென்று சொன்னாலே போதும், சிரிக்க ஜனங்கள் பழகிவிட்டார்கள்.

இரண்டு மணிக் காட்சி நிரம்பி வழிந்தது. பாதிக் கதையில் வெர்டெல் நின்றாள். இடது தோளைப் பிடித்தாள். கால் மடங்கிப் பலகையில் சரிந்தாள்.

அவள் வேடிக்கைக்காக விழும்போதெல்லாம் அடித்த பதினொரு வருடப் பழக்கத்தில் ராஸ்கோவின் கை தானாகவே பித்தளைத் தட்டை ஓங்கி அடித்தது. தொள்ளாயிரம் பேர் வெடித்துச் சிரித்தார்கள்.

"நடிக்கல... நெசமாவே வலிக்குது," என்றாள் அவள்.

சிரிப்பு இரண்டு மடங்கானது. "எந்திரி கெழவி, வீட்டுல பெருசு தேடப் போவுது," என்று மாடியிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். ராஸ்கோ இன்னொரு முறை தட்டை அடித்தான்.

அப்போதுதான் பார்த்தான். விக் கழன்று உருண்டிருந்தது. நரைத்த தலையை யாருக்கும் காட்டாத வெர்டெல் அதை எடுக்க முயலவில்லை. விரல்கள் மட்டும் பலகையைப் பிராண்டிக்கொண்டிருந்தன.

டிரம்ஸைத் தள்ளிவிட்டு ஓடினான். அது உருண்டு விழுந்ததற்கும் சிரித்தார்கள். மைக்கைப் பிடித்து, "சிரிக்காதீங்க. செத்துக்கிட்டு இருக்காங்க," என்றான். அதற்கும் சிரித்தார்கள். அவன் அழத் தொடங்கியபோது, மூன்றாம் வரிசையிலிருந்து எர்னஸ்டீன் என்ற நர்ஸ் எழுந்து மேடைக்கு ஓடி வந்தாள். அவள் மண்டியிட்டு வெர்டெலின் நாடியைப் பிடித்துப் பார்த்ததும், வரிசை வரிசையாகச் சிரிப்பு அடங்கியது. வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி அதே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தன நேரமா விழுந்து கெடக்காங்க?" என்று கேட்டாள் எர்னஸ்டீன்.

ராஸ்கோ கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நிமிடம்.

வெர்டெல் பிழைத்தாள். மாரடைப்பு, வியாழக்கிழமையே நெஞ்சைச் சோதித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

ஒன்பதாம் நாள் காலையில் ராஸ்கோ கட்டிலருகே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். "நான் தட்ட அடிச்சேன்க்கா. ரெண்டு தடவ."

"கேட்டுச்சு," என்றாள்.

அப்போது பணிக்குப் புதிதாய் வந்த இளம் டாக்டர் ஒருவர் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார். "வெர்டெல் ஹூக்ஸ்தானே? ஒரே ஒரு ஜோக் சொல்லுங்க, அப்புறம் பரிசோதிக்கிறேன்."

ராஸ்கோ எழுந்தான். டாக்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றான்.

"டாக்டர், சிரிக்க வைக்கிறவங்களுக்கும் வலிக்கும். ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா, அவங்க என்ன நெறம், என்ன தொழில்னு பாக்காம மொதல்ல நம்பணும். ஒரு டாக்டர் நம்பல. பதினோரு வருசம் கூட இருந்த நானும் நம்பல. அதுல இவங்க உயிரே போகப் பாத்துச்சு. எங்க வலிக்குதுன்னு கேளுங்க."

டாக்டரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

வெர்டெல் சொல்லத் தொடங்கினாள். யாரும் சிரிக்கவில்லை.